ரன்னிங் பேக்குக்கு முதல் பத்து இடம் தகுமா?

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் 1995ஆம் ஆண்டு டிராஃப்டில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி ஐந்தாவது இடத்தில் இருந்தது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக்காக ஆடிய கி-ஜானா கார்ட்டர் கைநழுவிப் போய்விடக் கூடாது என்பதற்காக, கூடுதலாக ஒரு தேர்வைக் கொடுத்து முதல் இடத்துக்கு ஏறி அவரை எடுத்தது. சீசனுக்கு முன் நடக்கும் பயிற்சி ஆட்டத்தில், பந்தை வாங்கி ஓடிய மூன்றாவது முறையே கார்ட்டரின் முழங்கால் தசைநார் கிழிந்தது. முதல் சீசன் அத்தோடு போனது. அதன் பிறகு ஆடிய எந்தச் சீசனிலும் அவர் 1,000 யார்டு ஓடவில்லை.

அதே டிராஃப்டின் ஆறாவது சுற்றில், 195 பேர் போன பிறகு, டென்வர் பிராங்கோஸ் அணி டெரல் டேவிஸ் என்ற இன்னொரு ரன்னிங் பேக்கை எடுத்தது. 1998இல் அவர் 2,008 யார்டு ஓடினார். அணிக்கு அடுத்தடுத்து இரண்டு சூப்பர் பௌல் கோப்பைகள், அவருக்கு 2017இல் ஹால் ஆஃப் ஃபேம். மூன்றாவது சுற்றில் 74ஆவது ஆளாகப் போன கர்ட்டிஸ் மார்ட்டினும் இன்று அதே ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். கார்ட்டருக்குப் பிறகு எந்த அணியும் ஒரு ரன்னிங் பேக்கை டிராஃப்டின் முதல் ஆளாக எடுக்கத் துணியவில்லை.

இந்தக் கதையை மட்டும் சொல்லிவிட்டு, ரன்னிங் பேக்கை முதல் சுற்றில் எடுப்பதே மடத்தனம் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அவர்களை எதிர்க்கிறவர்கள் சொல்லும் “திறமைசாலி கிடைத்தால் எந்த இடத்திலும் எடு” என்ற வாதம் அதைவிட மோசம். எந்த அணி எடுக்கிறது, அதன் எந்தக் கட்டத்தில் எடுக்கிறது என்பதைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம். அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக் பந்தை எறியலாம், அல்லது பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கின் கையில் கொடுக்கலாம். வாங்கிய ரன்னிங் பேக், ஆஃபென்சிவ் லைன் எனப்படும் ஐந்து மலைபோன்ற ஆட்கள் திறந்துவிடும் சந்து வழியாகப் புகுந்து ஓட வேண்டும். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் சடங்குதான் டிராஃப்ட். ஏழு சுற்று, 32 அணிகள். போன சீசனில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. ஐபிஎல் ஏலத்தைப்போலப் பணப்பையைத் திறந்து ஆளைத் தட்டிச் செல்ல முடியாது. 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு சம்பளமும் இடத்தைப் பொறுத்ததுதான். இரண்டாவது இடத்தில் போகிறவர் குவாட்டர்பேக்கோ ரன்னிங் பேக்கோ, ஏறத்தாழ ஒரே தொகை. நான்கு வருட ஒப்பந்தம்; முதல் சுற்றில் எடுத்தவரை ஐந்தாவது வருடமும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு.

இந்தச் சம்பள விதிதான் ரன்னிங் பேக்குக்கு வினையாக வந்தது. 2018இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் இரண்டாவது இடத்தில் சாக்வான் பார்க்லியை எடுத்தபோது அவருடைய ஒப்பந்தம் நான்கு வருடத்துக்குச் சுமார் 3 கோடியே 12 லட்சம் டாலர். மூன்றாவதாகப் போன குவாட்டர்பேக் சாம் டார்னால்டுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் அதே வருடம் வெளிச்சந்தையில் கர்க் கசின்ஸ் என்ற நடுத்தரத்துக்குச் சற்று மேலான குவாட்டர்பேக், வருடத்துக்கு 2 கோடியே 80 லட்சம் வாங்கினார். டார்னால்டு நன்றாக வந்திருந்தால் ஜெட்ஸ் அணிக்கு வருடத்துக்கு 2 கோடி மிச்சம். பார்க்லி எவ்வளவு நன்றாக வந்தாலும் ஜயன்ட்ஸுக்கு அப்படி மிச்சம் வர வழியில்லை, ஏனென்றால் ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே அவர் ரன்னிங் பேக்குகளின் சம்பளப் பட்டியலில் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தார். சம்பளத்துக்கு உச்சவரம்பு உள்ள லீகில், ஒரு பக்கம் மிச்சம் பிடித்த பணம்தான் இன்னொரு பக்கம் நல்ல தடுப்பாளராக வந்து நிற்கும்.

பார்க்லியின் கதையைச் சற்று நின்று பார்க்கலாம். அவர் தோற்ற தேர்வு அல்ல. முதல் சீசனிலேயே 1,307 யார்டு ஓடி, 91 பந்து பிடித்து, மொத்தம் 2,028 யார்டு சேர்த்து, அந்த வருடத்தின் சிறந்த தாக்குதல் ஆட்டப் புதுமுகம் என்ற விருதை வாங்கினார். ஜயன்ட்ஸ் அந்தச் சீசனில் ஐந்து ஆட்டம் வென்று பதினொன்றில் தோற்றது. அடுத்த வருடம் நான்கு வெற்றி. 2020இல் இரண்டாவது ஆட்டத்திலேயே சிகாகோவில் முழங்கால் போனது. ஆறு சீசன்களில் அணியின் கணக்கு 34 வெற்றி, 64 தோல்வி, ஒரு சமன். பிளேஆஃபில் ஒரே ஒரு வெற்றி.

அவரை எடுத்த அன்று மேசையில் வேறென்ன இருந்தது? ஆறாவது இடத்தில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ், குவென்டன் நெல்சன் என்ற கார்டை எடுத்தது. கார்டு என்பவர் ஆஃபென்சிவ் லைனின் நடுவில் நிற்கும் சென்டருக்குப் பக்கத்தில் நிற்பவர். தொலைக்காட்சிக் கேமரா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நெல்சன் முதல் மூன்று சீசனிலும் லீகின் சிறந்த ஆட்டக்காரர்களின் கௌரவப் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பிடித்தார். முந்தைய வருடம் 56 முறை குவாட்டர்பேக்கைத் தரையில் சாய்க்க விட்ட கோல்ட்ஸ், அந்த வருடம் 18 முறைதான் விட்டது. காயத்திலிருந்து மீண்டுவந்த ஆண்ட்ரூ லக்குக்கும் அதில் பங்கு உண்டு. எல்லாப் புகழையும் நெல்சன் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. ஏழாவது இடத்தில் ஜாஷ் ஆலன் போனார், 32ஆவது இடத்தில் லமார் ஜாக்சன். இருவருமே பிற்பாடு லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது பெற்ற குவாட்டர்பேக்குகள்.

என்னை அதிகம் உறுத்துவது இரண்டாவது சுற்று. 34ஆவது இடத்தில் ஜயன்ட்ஸ், வில் ஹெர்னாண்டஸ் என்ற கார்டை எடுத்தது. 35ஆவது இடத்தில் கிளீவ்லாண்ட் பிரௌன்ஸ், நிக் சப் என்ற ரன்னிங் பேக்கை எடுத்தது. சப் அடுத்தடுத்து ஆயிரம் யார்டு சீசன்களைக் குவித்தார். 2022இல் 1,525 யார்டு. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஐந்து யார்டுக்குமேல் சராசரி வைத்திருந்தார். வரிசையை மட்டும் மாற்றிப் போட்டு, இரண்டில் நெல்சனையும் 34இல் சப்பையும் எடுத்திருந்தால், அதே இரண்டு தேர்வில் அதே இரண்டு இடங்களும் நிரம்பியிருக்கும். நடந்து முடிந்ததைப் பார்த்துப் பேசுவது சுலபம் என்பார்கள், சரிதான். ஆனால் இரண்டாவது சுற்றில் நல்ல ரன்னிங் பேக் கிடைப்பார் என்பது 2018இல் யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. டெரிக் ஹென்றி 2016இல் 45ஆவது ஆள், லெவியான் பெல் 2013இல் 48ஆவது ஆள். 2017இல் மூன்றாவது சுற்றில், 86ஆவதாகப் போன கரீம் ஹன்ட் முதல் சீசனிலேயே லீகில் அதிக யார்டு ஓடியவர். அதே சுற்றில்தான் ஆல்வின் கமாராவும் போனார்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2023இல் ஜயன்ட்ஸ் பார்க்லியை ஃபிரான்சைஸ் டேக் போட்டுப் பிடித்துவைத்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை நிர்ணயிக்கப்பட்ட சம்பளத்தில் இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்ள அணிக்குள்ள உரிமை அது. அந்த வருடம் ரன்னிங் பேக்குக்கு அந்தத் தொகை சுமார் 1 கோடி டாலர், குவாட்டர்பேக்குக்கு 3 கோடியே 24 லட்சம். ஒரு விளையாட்டு தன் ஆட்டக்காரர்களை எப்படி எடை போடுகிறது என்பதை இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது. அந்த ஜூலையில் முன்னணி ரன்னிங் பேக்குகள் வீடியோ அழைப்பில் கூடி, தங்கள் சம்பளம் தேய்வதைப் பற்றிப் பேசினார்கள். பேசினார்களே தவிர, ஒன்றும் மாறவில்லை. பள்ளிப்படிப்பு முடிந்து மூன்று வருடம் ஆன பிறகுதான் டிராஃப்டுக்கே வர முடியும் என்பது விதி. கால்கள் புதிதாக இருக்கும் வருடங்களைக் கல்லூரி எடுத்துக்கொள்கிறது, அடுத்த நான்கைந்தை முதல் ஒப்பந்தம் எடுத்துக்கொள்கிறது. பேரம் பேசும் நாள் வரும்போது “உனக்கு 27 ஆகிவிட்டது” என்கிறார்கள். அநியாயம்தான். ஆனால் அணியின் மேலாளர் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதும் அந்த அநியாயத்தை வைத்துத்தான்.

2024இல் பார்க்லி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குப் போனார். மூன்று வருடம், சுமார் 3 கோடியே 78 லட்சம் டாலர், டிராஃப்ட் தேர்வு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அந்த நவம்பர் 3ஆம் தேதி ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுக்கு எதிராக அவர் செய்ததைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஒரு சிறிய பாஸைப் பிடிக்கிறார். முதல் ஆளை வெட்டி ஏமாற்றுகிறார். இரண்டாவது ஆளிடமிருந்து முழுச் சுற்றாகச் சுழன்று விடுபடுகிறார். அந்தச் சுழற்சி முடியும்போது அவருடைய முதுகுதான் மூன்றாவது ஆளின் பக்கம் இருக்கிறது. திரும்பக்கூட இல்லை. முதுகு காட்டிய நிலையிலேயே எம்பி, குனிந்து வந்த அந்த ஆளின் தலைக்குமேல் பின்பக்கமாகத் தாண்டிக் காலூன்றுகிறார். ஈகிள்ஸ் பயிற்சியாளர் நிக் சிரியானி எல்லைக்கோட்டில் நின்று கண்களை விரித்தார். இரவு கண்விழித்து ஆட்டம் பார்க்கும் பழக்கம் உள்ள நம்மைப் போன்றவர்களுக்கு அந்தச் சீசனில் தூக்கம் வரவில்லை என்ற புகாரே இல்லை.

அந்தச் சீசனில் 2,005 யார்டு. பிளேஆஃபையும் சேர்த்தால் 2,504. டெரல் டேவிஸ் 1998இல் வைத்திருந்த சாதனை முறிந்தது. கூடவே சூப்பர் பௌல். விதைத்தவர் நியூயார்க், அறுத்தவர் ஃபிலடெல்ஃபியா. இதைக் காட்டித்தான், “பார்த்தீர்களா, ரன்னிங் பேக் முக்கியம்” என்றார்கள்.

முக்கியம்தான். எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த ஒரு வருடமே ஒரு பரிசோதனைக்கூடம். 2023இல் ஜயன்ட்ஸ் லைனுக்குப் பின்னால் பார்க்லியின் சராசரி ஓட்டத்துக்கு 3.9 யார்டு. 2024இல் ஈகிள்ஸ் லைனுக்குப் பின்னால் 5.8. ஆள் அதே ஆள், லைன்தான் மாறியது. இனி அடுத்த பக்கத்தைப் பாருங்கள். 2023இல் ஏறத்தாழ அதே ஈகிள்ஸ் லைனுக்குப் பின்னால் ஓடியவர் டியாண்ட்ரே ஸ்விஃப்ட். லைனின் நடுவில் நின்ற ஜேசன் கெல்சி மட்டும் பிறகு ஓய்வுபெற்றுவிட்டார். ஸ்விஃப்டின் சராசரி 4.6, மொத்தம் 1,049 யார்டு. லைன் அதே லைன், ஆள்தான் மாறினார். லைன் மாறியதால் இரண்டு யார்டு கூடியது, ஆள் மாறியதால் ஒன்றே கால் யார்டு கூடியது என்று தோராயமாகச் சொல்லலாம். விஞ்ஞானம் இல்லை, ஒரே ஒரு ஜோடி உதாரணம். ஆனாலும் “எல்லாம் லைன்தான், யாரை நிறுத்தினாலும் ஓடுவார்” என்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது, “ஆள்தான் எல்லாம்” என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. அந்த லைனில் இடது ஓரத்தில் நின்ற ஜோர்டன் மைலாட்டா, ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர். பார்க்லி இரண்டாவதாகப் போன அதே 2018 டிராஃப்டின் கடைசிச் சுற்றில் 233ஆவதாகப் போனவர்.

ஆக, வாதம் இதுதான்: ரன்னிங் பேக் என்பது கடைசியாக வைக்க வேண்டிய காய். லைன் நின்ற பிறகு, குவாட்டர்பேக் நிலைத்த பிறகு அவர் வந்தால் அணியை ஒரு படி தூக்கிவிடுவார். அதற்கு முன் வந்தால் அவருடைய நான்கைந்து நல்ல வருடங்களும் தோற்கும் அணியில் தேய்ந்துபோகும். முதல் ஐந்து இடத்துக்குள் டிராஃப்டில் வரும் அணிகள் பெரும்பாலும் ஒன்றுமே தயாராக இல்லாத அணிகள். அதனால்தான் அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன. குவாட்டர்பேக்கோ, லைனின் ஓரத்தில் நிற்கும் டாக்கிளோ மூன்றாவது வருடத்தில் முதிர்ந்தாலும் பரவாயில்லை, அவர்களுக்குப் பத்து வருடம் இருக்கிறது. ரன்னிங் பேக் முதல் நாளே முழு ஆள். அவருடைய கடிகாரமும் முதல் நாளே ஓடத் தொடங்கிவிடும்.

விதிவிலக்குகள் எங்கே வருகின்றன என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2016இல் டாலஸ் கௌபாய்ஸ் நான்காவது இடத்தில் எசக்கியல் எலியட்டை எடுத்தது. அந்த அணி நான்காவது இடத்துக்கு வந்தது, முந்தைய சீசனில் குவாட்டர்பேக் டோனி ரோமோ காயம்பட்டுக் கிடந்ததால். டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃபிரெடரிக், ஸாக் மார்ட்டின் என்று லைன் ஏற்கெனவே கோட்டைபோல நின்றது. எலியட் 1,631 யார்டு ஓடி லீகில் முதலிடம், அணி 13 வெற்றி. நான்காவது சுற்றில் எடுத்த டாக் பிரெஸ்காட் குவாட்டர்பேக்காக எழுந்தது அதே வருடம். தேர்வு பலித்தது என்றே சொல்வேன். கௌபாய்ஸ் தவறியது அங்கல்ல. 2019இல் அவருக்கு ஆறு வருடத்துக்கு 9 கோடி டாலர் நீட்டிப்பு எழுதிக் கொடுத்ததில்தான். 2023 மார்ச்சில் விடுவித்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் டாட் கர்லிக்கு 2018இல் 5 கோடியே 75 லட்சம் கொடுத்து 2020இல் விடுவித்ததும் இதே ரகம். ரன்னிங் பேக்கை எடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியைவிட, இரண்டாவது ஒப்பந்தம் கொடுப்பதா என்ற கேள்வியில் அணிகள் அதிகம் சூடுபட்டிருக்கின்றன.

2023இன் டெட்ராய்ட் லயன்ஸ் எனக்கு இன்னும் பிடித்த உதாரணம். அவர்களுக்கு ஆறாவது இடம் இருந்தது. அது சொந்தத் தோல்வியால் வந்ததல்ல, மேத்யூ ஸ்டாஃபோர்டை ராம்ஸுக்கு அனுப்பியபோது கிடைத்த தேர்வு. அணி முந்தைய சீசனில் ஒன்பது ஆட்டம் வென்றிருந்தது. ஆறில் எடுக்காமல் அரிசோனாவுடன் பேசிப் பன்னிரண்டாவது இடத்துக்கு இறங்கி, அங்கே ஜமீர் கிப்ஸை எடுத்தார்கள். பேரத்தில் கூடுதலாகக் கிடைத்த 34ஆவது தேர்வில் சாம் லபோர்ட்டா. பன்னிரண்டில் ரன்னிங் பேக்கா என்று அன்று சிரித்தவர்கள் ஏராளம். அடுத்த சீசனில், அதாவது 2024இல், கிப்ஸ் 1,412 யார்டு ஓடி, பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் கொண்டுசேர்க்கும் டச்டவுனும் 20 எடுத்தார். டேவிட் மாண்ட்கோமரியோடு ஓட்டங்களைப் பங்கிட்டுக்கொண்டே இதைச் செய்தார் என்பதால் கால்களும் மிஞ்சின. அணி 15 ஆட்டம் வென்றது.

அதே 2023இல், கிப்ஸுக்கு நான்கு இடம் முன்னால், அட்லாண்டா ஃபால்கன்ஸ் பிஜான் ராபின்சனை எடுத்தது. என் கண்ணுக்கு ராபின்சன் கிப்ஸைவிட ஒரு மாற்று உயர்ந்த ஆட்டக்காரர்; 2024இல் 1,456 யார்டு. ஆனால் ஃபால்கன்ஸிடம் அப்போது டைலர் ஆல்ஜியர் இருந்தார். ஐந்தாவது சுற்றில் எடுத்து, முதல் சீசனிலேயே 1,035 யார்டு ஓடியவர். இல்லாததைத் தேடாமல் இருப்பதையே இன்னும் நன்றாக வாங்கினார்கள். ஒன்பதாவது இடத்தில் ஈகிள்ஸ் எடுத்த தற்காப்பு ஆட்டக்காரர் ஜேலன் கார்ட்டர் இரண்டு வருடத்தில் சூப்பர் பௌல் மோதிரம் போட்டுவிட்டார். ஃபால்கன்ஸ் 2023இல் ஏழு வெற்றி, 2024இல் எட்டு. ராபின்சன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

காத்திருக்கும் வழியும் பூப்பாதை அல்ல. இரண்டாவது சுற்றுக்காரர்களைப் பற்றிப் பேசும்போது சப், ஹென்றி, ஜோனதன் டெய்லர் பெயர்களை அடுக்குவோம். சப் போன அதே சுற்றில் ரொனால்ட் ஜோன்ஸ், கெரியன் ஜான்சன், டெரியஸ் கைஸ் ஆகியோரும் போனார்கள். மூவரில் ஒருவரும் அந்த உயரத்தை எட்டவில்லை. 2014இல் ரன்னிங் பேக்குகளில் முதலாவதாகப் போன பிஷப் சாங்கியை இன்று டென்னசியில்கூட எத்தனை பேர் நினைவு வைத்திருப்பார்கள்? நான்கில் ஒன்று பலிக்கும் என்றுதான் கணக்கிட வேண்டும். ஆனால் மேலே உள்ளவர்களும் அப்படியொன்றும் உறுதி அல்லவே. 2005இல் முதல் ஐந்து இடத்தில் மூன்று ரன்னிங் பேக்குகள் போனார்கள்: ரானி பிரௌன், செட்ரிக் பென்சன், கேடிலாக் வில்லியம்ஸ். மூன்றாவது சுற்றில் 65ஆவதாகப் போன ஃபிராங்க் கோர் சரியாக 16,000 யார்டு ஓடி எல்லாக் காலப் பட்டியலில் மூன்றாவது இடத்தில் ஓய்வுபெற்றார். 2012இல் மூன்றாவதாகப் போன ட்ரென்ட் ரிச்சர்ட்சனைக் கிளீவ்லாண்ட் அடுத்த செப்டம்பரிலேயே கைகழுவியது. மேலே தவறினால் போவது அணியின் எதிர்காலம், கீழே தவறினால் போவது ஒரு 59ஆவது தேர்வு. இழப்பின் அளவு வேறு என்பதுதான் காத்திருப்பதற்குச் சாதகமான காரணம். கீழே கண்ணுக்குத் தெரியாத ரத்தினங்கள் கொட்டிக்கிடக்கின்றன என்பதல்ல.

கடைசிச் சுற்றுகளிலும் டிராஃப்டில் எடுபடாதவர்களிலும் தேடும் வழி, அதற்கேற்ற பயிற்சியாளர் இருந்தால் மட்டுமே. டேவிஸை 2,000 யார்டுக்கு ஓடவைத்தவர் மைக் ஷனஹன். அவர் மகன் கைல் ஷனஹன் சான் பிரான்சிஸ்கோ 49எர்ஸில் அதே வித்தையைச் செய்கிறார். 2020 ஜனவரியில் கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிரான கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில், எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காத ரஹீம் மோஸ்டர்ட் 220 யார்டு ஓடி நான்கு டச்டவுன் போட்டார். 49எர்ஸ் குவாட்டர்பேக் அந்த ஆட்டம் முழுக்க எட்டு முறைதான் பந்தை எறிந்தார். யாரை நிறுத்தினாலும் ஓடவைப்பவர் என்று பெயரெடுத்த அதே கைல் ஷனஹன் என்ன செய்தார் தெரியுமா? 2021இலும் 2022இலும் மூன்றாவது சுற்றுத் தேர்வுகளை ரன்னிங் பேக்குகளுக்குச் செலவழித்து இரண்டும் வீணாயின. 2022 அக்டோபரில் நான்கு தேர்வுகளைக் கொடுத்து கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை கரோலைனாவிலிருந்து வாங்கிவந்தார். மலிவுக் கொள்கையின் குலகுருவே, அணி தயாரானதும் விலையுயர்ந்த ஆளிடம் போனார். மெக்காஃப்ரி 2017இல் எட்டாவதாகப் போனவர். அவரை எடுத்த கரோலைனாவும் ஜயன்ட்ஸைப்போலவே விதைத்த பக்கம்தான்.

அனுபவசாலியை வெளியிலிருந்து வாங்குவது நான்காவது வழி. 2024இல் இது அமோகமாகப் பலித்தது. பார்க்லி ஒருபுறம், டெரிக் ஹென்றி மறுபுறம். முப்பது வயதில், இரண்டு வருடத்துக்கு 1 கோடியே 60 லட்சம் என்ற ஒப்பந்தத்தில் பால்டிமோர் ரேவன்ஸுக்கு வந்து 1,921 யார்டு ஓடினார். ஆனால் 2019இல் நியூயார்க் ஜெட்ஸ், லெவியான் பெல்லுக்கு நான்கு வருடத்துக்கு 5 கோடியே 25 லட்சம் எழுதிக் கொடுத்து அடுத்த அக்டோபரிலேயே விடுவித்தது. வித்தியாசம் எங்கே? ஃபிலடெல்ஃபியாவும் பால்டிமோரும் லைனும் குவாட்டர்பேக்கும் உள்ள அணிகள். ஜெட்ஸில் இரண்டுமே இல்லை. டிராஃப்டுக்குச் சொன்ன அதே நிபந்தனை இங்கேயும் முகம் காட்டுகிறது.

எனவே முதல் ஐந்து இடத்துக்குள் நிற்கும் மேலாளருக்கு என் பதில்: வேண்டாம். டாக்கிளோ, குவாட்டர்பேக்கை விரட்டும் ஆளோ இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் லயன்ஸைப்போல இறங்குங்கள். ரன்னிங் பேக்கை 35க்கும் 90க்கும் இடையில் எடுங்கள், முடிந்தால் இரண்டு வருடம் தொடர்ந்து எடுங்கள், ஒருவர் தவறினாலும் மற்றவர் நிற்பார். எட்டுக்கும் பதினைந்துக்கும் இடையில் இருந்து, லைன் நின்றுவிட்டது, குவாட்டர்பேக் இருக்கிறார் என்றால், ஓடவும் பந்து பிடிக்கவும் தெரிந்த ஆள் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். இருபதுக்குக் கீழே போய்விட்டால் இந்த விவாதமே அவ்வளவு சூடு தாங்காது. கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கும் அணியானால் டிராஃப்டை விட்டுவிட்டு வெளிச்சந்தையைத்தான் முதலில் பார்ப்பேன். ஒன்றை மட்டும் ஒருநாளும் செய்யக் கூடாது. 1999இல் பயிற்சியாளர் மைக் டிட்கா, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ரன்னிங் பேக்குக்காக நியூ ஆர்லியன்ஸின் அந்த வருடத்து எல்லாத் தேர்வுகளையும், அடுத்த வருடத்து இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார். மூன்று வெற்றியோடு சீசன் முடிந்தது, டிட்காவுக்கு வேலை போனது.

2025 டிராஃப்டை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், ஆறாவது இடத்தில் ஆஷ்டன் ஜென்டியை எடுத்த லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் எனக்குத் தேறவில்லை. பாய்ஸி ஸ்டேட்டில் ஒரே சீசனில் 2,601 யார்டு ஓடிய பையன், சந்தேகமே இல்லாத திறமை. ஆனால் முந்தைய சீசனில் நான்கே ஆட்டம் வென்று, ஓட்டத்தில் லீகின் கடைசியில் கிடந்த அணிக்கு முதலில் தேவைப்பட்டது சந்து திறப்பவர்கள். ஏழாவதாக நியூயார்க் ஜெட்ஸ் எடுத்தது அர்மாண்ட் மெம்பு என்ற டாக்கிளை. 22இல் ஒமாரியன் ஹாம்ப்டனை எடுத்த லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ் சரியாகக் கணக்குப் போட்டது: பதினொரு வெற்றி கண்ட அணி, ஜஸ்டின் ஹெர்பர்ட், இரண்டு ஓரங்களிலும் ரஷான் ஸ்லேட்டர், ஜோ ஆல்ட். ஆகஸ்ட் பயிற்சியில் ஸ்லேட்டரின் முழங்கால் போய் அவருக்குச் சீசனே முடிந்தது. இருந்தாலும் அது 22ஆவது தேர்வு, ஆறாவது அல்ல.